பொருளும் பார்வையும்: ரூஸ்வெல்ட் தாள்களை முன்வைத்து

1

'ஆவணம்' என்ற சொல் நம் விமர்சனத்தில் இரண்டு விதமாகப் புழங்குகிறது. ஒரு நாவலைப் பாராட்ட நினைப்பவர் அதை ஒரு காலகட்டத்தின் ஆவணம் என்கிறார். அதே நாவலை நிராகரிக்க நினைப்பவரும் அது வெறும் ஆவணம்தான் என்கிறார். இருவருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆவணத்துக்கு நடை கிடையாது, நடந்ததை நடந்தபடி அது வைத்திருக்கிறது, நடை என்பது படைப்பாளி பின்னால் வந்து ஏற்றுவது என்பதே அந்த நம்பிக்கை. முற்போக்கு முகாம் இதன் பேரில் ஆவணத்தைக் கும்பிடுகிறது. உருவவாதிகள் என்று பெயர் வாங்கியவர்கள் இதே நம்பிக்கையின் பேரில் அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்கு இந்த நம்பிக்கையில் உடன்பாடில்லை. ஆவணத்துக்கும் நடை உண்டு. பல சமயங்களில் அது கவிதையின் நடையைவிடக் கண்டிப்பானது. ஏனென்றால் அங்கே ஒரு சொல்லை வைப்பதற்கும் எடுப்பதற்கும் உடனடி விளைவு இருக்கிறது. இதைப் பேச அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் யுத்தகாலத் தாள்களை எடுத்துக்கொள்கிறேன். ஹைட் பார்க் நூலகத்துக்குப் போய் அவற்றைத் தொட்டுப் பார்த்தவனல்ல நான். வங்கி குமாஸ்தாவுக்கு அந்த யோகம் வாய்ப்பதில்லை. அச்சில் வந்த தொகுதிகளையும், நூலகமே படமெடுத்துப் பொதுவில் வைத்திருக்கும் பக்கங்களையும், அவற்றைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் எழுதியவற்றையும் கொஞ்ச காலமாகப் படித்துவருகிறேன். ரூஸ்வெல்ட் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி என்னுடையதல்ல. ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு இந்தச் சொல் ஏன் இங்கே, அந்தச் சொல் ஏன் இல்லை என்று செல்லப்பா 'எழுத்து'வில் விடாப்பிடியாகக் கேட்டாரே, அந்த அலசலை ஒரு சர்க்கார் கோப்பின் மேல் செய்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

2

தாள்களுக்கு முன்னால் அவை இருக்கும் கட்டிடத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஜனாதிபதிகளின் தாள்கள் அதுவரை அவரவர் சொந்தச் சொத்து. பதவி முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். லிங்கனின் தாள்கள் அவர் மகன் விதித்த நிபந்தனையால் 1947 வரை மூடிக்கிடந்தன. செஸ்டர் ஆர்தர் சாவதற்கு முன் தன்னுடையவற்றில் பெரும்பகுதியை எரிக்கச் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட மரபில் ரூஸ்வெல்ட் 1938 டிசம்பரில், தன் தாள்களையெல்லாம் நாட்டுக்கே கொடுப்பதாகவும், ஹட்சன் நதிக்கரையில் உள்ள தன் சொந்த ஊரில் அவற்றுக்கு ஒரு நூலகம் கட்டப்படும் என்றும் அறிவித்தார். கட்டிடம் எப்படி இருக்க வேண்டும் என்று தானே படம் போட்டுக் கொடுத்தார். அந்த வட்டாரத்துப் பழைய டச்சுக் குடியேறிகளின் வீடுகளைப் போல, உள்ளூர்க் கல்லில். 1941 ஜூனில் அருங்காட்சியகப் பகுதி திறக்கப்பட்டது. பதவியில் இருக்கும்போதே தன் சரித்திரக் கிடங்கில் தனக்கென ஒரு அறை வைத்துக்கொண்டு வேலை செய்த ஜனாதிபதி அவர். ஜனாதிபதியின் தாள்கள் சட்டப்படியே தேசத்தின் சொத்து என்று ஆனதெல்லாம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1981இலிருந்துதான்.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு நாவலாசிரியன் தன் நூல் தொகுதியைத் தானே பதிப்பித்து, அட்டைப்படமும் தானே போட்டால் நாம் என்ன சொல்வோம்? எந்தத் தாள்கள் பொதுவுக்குப் போகலாம், எவை கூடாது என்பதையும் தானே உட்கார்ந்து பிரிக்க நினைத்தார். தன்னால் முடியாமல் போனால் ரோஸன்மன், ஹாப்கின்ஸ், காரியதரிசி கிரேஸ் டல்லி ஆகிய மூவரும் செய்ய வேண்டும் என்று 1943இல் எழுதிவைத்தார். 1945 ஏப்ரல் 12இல் இறந்தார். 1950இல் பெரும்பகுதி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

அவருடைய மேஜைக்கு அருகிலேயே இருந்த கோப்புகளின் வரிசைக்குக் காரியதரிசிக் கோப்பு என்று பெயர். அதில் ஐந்து பிரிவுகள்: பெட்டகக் கோப்பு, அந்தரங்கக் கோப்பு, ராஜதந்திரக் கடிதங்கள், இலாகாக் கடிதங்கள், பொருள்வாரிக் கோப்பு. அணுகுண்டு சாத்தியம் என்று ஐன்ஸ்டைன் 1939 ஆகஸ்ட் 2 தேதியிட்டுக் கையெழுத்திட்ட கடிதம் பெட்டகக் கோப்பில் இருக்கிறது. உள்நாட்டு இலாகாச் சண்டைகள் அடுத்த பெட்டிகளில்.

இவ்வளவு தாள்களில் ஒருவரை மட்டும் காணோம், ரூஸ்வெல்ட்டை. அவர் நாட்குறிப்பு எழுதியவரல்ல. பேச்சுவார்த்தைகளில் யாராவது குறிப்பெடுப்பது அவருக்குப் பிடிக்காது. 1919 பாரீஸ் மகாநாட்டில் வில்சனும் மற்றவர்களும் பேசியதன் குறிப்புகளை வெளிவிவகார இலாகா அச்சிட முனைந்தபோது, அந்தக் குறிப்புகளை முதலில் எடுத்திருக்கவே கூடாது என்ற கருத்தில் 1943இல் அவர் தயக்கம் தெரிவித்தார். 1940இல் சில மாதங்கள் தன் அலுவலகத்தில் ரகசியமாக ஒரு ஒலிப்பதிவு இயந்திரம் வைத்திருந்தார். அந்தப் பதிவுகள் இருப்பதே 1978இல்தான் ஒரு சரித்திரக்காரர் கண்ணில் பட்டது. லட்சக்கணக்கான தாள்கள் அவரை நோக்கி வருகின்றன. அவரிடமிருந்து போவது பெரும்பாலும் இரண்டு வரி, மூன்று சொல், ஒரு சுருக்கொப்பம். சரித்திரக்காரனுக்கு இது தலைவலி. விமர்சகனுக்கு இதுவே ஆரம்பம், ஏனென்றால் சொல் குறையக் குறைய ஒவ்வொரு சொல்லின் பாரமும் ஏறுகிறது.

3

அவர் சொற்களோடு மல்லுக்கட்டுவதை நேராகக் காட்டும் ஒரு தாள் உண்டு. 1941 டிசம்பர் 7 பிற்பகலில், பேர்ல் துறைமுகச் செய்தி வந்த பிறகு, மறுநாள் காங்கிரஸில் பேச வேண்டியதை கிரேஸ் டல்லியிடம் சொல்லி எழுதவைத்தார். தட்டச்சான முதல் வரைவில் அந்த நாள் 'உலக சரித்திரத்தில்' வாழப்போகும் நாள். அவர் கையால் அதை அடித்துவிட்டு, பழி அல்லது இழிவு என்று பொருள் வரும் ஒரே சொல்லைப் போட்டார். அடுத்ததாக, 'ஒரே நேரத்தில்' தாக்கப்பட்டோம் என்றிருந்ததை 'திடீரென்று' என்று மாற்றினார். முதல் மாற்றத்தில் சரித்திரத்தின் தீர்ப்புக்குக் காத்திராமல் தீர்ப்பையே சொல்லிவிடுகிறார். இரண்டாவதில் எதிரியின் திறமையைச் சொல்லும் வார்த்தை போய், தாக்கப்பட்டவனின் அதிர்ச்சியைச் சொல்லும் வார்த்தை வருகிறது. இரண்டும் நல்ல கவி செய்யும் காரியங்கள்.

ஆவணத்தின் இலக்கியத்தன்மை என்று யாராவது பேச ஆரம்பித்தால் இந்தத் தாளைத்தான் காட்டுவார்கள். எனக்கு இது அந்தக் கோப்புகளின் பொது விதிக்கு விலக்கு என்று படுகிறது. இது மேடைக்காக எழுதியது. காதில் விழ வேண்டும் என்று விரும்பும் மொழி. கோப்பின் மொழியோ காதில் விழக்கூடாது என்று விரும்புவது. அதற்கு உதாரணம் வேண்டுமென்றால் இந்தப் பேச்சுக்குப் பத்து வாரங்கள் கழித்து, 1942 பிப்ரவரி 19இல் அவர் கையெழுத்திட்ட 9066ஆம் எண் நிர்வாக உத்தரவைப் பார்க்க வேண்டும்.

மேற்குக் கரையில் வசித்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, நிலம், கடை எல்லாவற்றையும் விட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனது அந்த உத்தரவால். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். உத்தரவில் ஜப்பான் என்ற சொல்லோ ஜப்பானியர் என்ற சொல்லோ இல்லை. வாக்கியத்தின் கட்டுமானம் கவனிக்கத்தக்கது. யுத்த மந்திரிக்கு அதிகாரம் கொடுக்கும் இடத்தில் 'நான்' இருக்கிறது. ராணுவப் பிரதேசங்கள் என்று குறிக்கப்படும் இடங்களிலிருந்து 'எவரும் அல்லது எல்லோரும்' விலக்கப்படலாம் என்ற இடத்துக்கு வரும்போது வினை செயப்பாட்டு வினையாகிவிடுகிறது. விலக்குகிறவன் இல்லை, விலக்கப்படுகிறவனுக்குப் பெயரில்லை.

பெயர் எங்கே வருகிறது? ராணுவத் தளபதி டிவிட்டின் கையெழுத்தோடு தெருக்கம்பங்களிலும் சுவர்களிலும் ஒட்டப்பட்ட நோட்டீஸில் வருகிறது. 'ஜப்பானிய வம்சாவளியினர் அனைவருக்கும்' என்று பெரிய எழுத்தில். அங்கேயும் ஒரு வேலைப்பாடு: வெளியேற வேண்டியவர்கள் 'அந்நியரும் அந்நியரல்லாதவரும்' என்று வகைப்படுத்தப்படுகிறார்கள். அந்நியரல்லாதவர் என்றால் குடிமகன். அந்தச் சொல்லைப் போட்டிருந்தால் குடிமகனை எப்படி விலக்கலாம் என்ற கேள்வி அதே வாக்கியத்திலேயே எழுந்திருக்கும். வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. மேலிடத்துச் சர்க்குலரில் யார் பெயரும் இருக்காது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன்தான் எதிரே நிற்கிற ஆளின் பெயரைச் சொல்லி, உமக்கு இல்லை என்று சொல்ல வேண்டும்.

தகவல் இல்லாமல் செய்தார்கள் என்று சொல்ல வழியில்லை. ஜப்பானிய வம்சாவளியினர் பெரும்பாலும் விசுவாசமானவர்கள் என்ற மன்ஸன் அறிக்கை 1941 நவம்பரிலேயே ஜனாதிபதிக்கு வந்துவிட்டது. வெளியேற்றக் கோரிக்கைக்கு ஆதாரம் தகவல்களைவிட அரசியல் நிர்ப்பந்தமே என்று புலனாய்வுத் தலைவர் ஹூவரே அட்டர்னி ஜெனரலுக்கு எழுதினார். 1976இல் ஜனாதிபதி ஃபோர்டு அந்த உத்தரவு முடிந்துபோனதை முறைப்படி அறிவித்தபோது ஜப்பானிய அமெரிக்கர்கள் என்று பெயர் சொன்னார். 1988இல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தார்கள். அன்று உத்தரவின் வாக்கியத்தில் இல்லாத பெயரைத் திரும்ப எழுத அத்தனை வருஷங்கள் ஆயின.

4

நம் சர்க்கார் கடிதங்களின் உச்சியில் இரண்டு தலைப்புகள் இருக்கும்: 'பொருள்', 'பார்வை'. பொருள் என்ற இடத்தில் கடிதம் எதைப் பற்றியது என்று எழுதுவார்கள். பார்வை என்ற இடத்தில், இதற்கு முன் வந்த எந்தக் கடிதத்தைப் பார்த்து இது எழுதப்படுகிறது என்று எண்ணும் தேதியும் போடுவார்கள். இலக்கிய விமர்சனத்தில் நாம் ஓயாமல் உருட்டும் இரண்டு சொற்களும் இவைதான் என்பது வேடிக்கை. எங்கள் மேஜைக்கு வரும் கடிதத்தில் பொருள் விட்டுப்போனால் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பார்வை விட்டுப்போனால் அந்தக் கடிதம் அநாதை.

1943 ஜனவரி 21இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்த அமெரிக்கத் தூதரகம் 482ஆம் எண் தந்தியை அனுப்பியது. ஜெனீவாவில் உலக யூதர் காங்கிரஸின் பிரதிநிதியாக இருந்த ரீக்னர், போலந்தில் ஓரிடத்தில் நாளொன்றுக்கு 6,000 யூதர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று கொடுத்த தகவல் அதில் இருந்தது. பிப்ரவரி 10இல் வெளிவிவகார இலாகாவிலிருந்து துணைமந்திரி வெல்ஸின் பெயரில் 354ஆம் எண் தந்தி போனது. உங்கள் 482ஐப் பார்த்தோம் என்று தொடங்கி, தனி நபர்களுக்கு அனுப்பச் சொல்லித் தரப்படும் இப்படிப்பட்ட அறிக்கைகளை, அசாதாரணச் சந்தர்ப்பங்களில் தவிர, இனி ஏற்க வேண்டாம் என்று அது யோசனை சொன்னது. 'யோசனை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தடை என்ற சொல் எங்கும் இல்லை.

ஏப்ரலில் வெல்ஸே மேல்விவரம் கேட்டு பெர்னுக்குத் தந்தி அடித்தார். அங்கிருந்த தூதர் பதில் அனுப்பும்போது, இந்த மாதிரிச் செய்திகளுக்கு உங்கள் 354இன் கட்டுப்பாட்டைப் பொருத்த வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தார். மாதங்கள் கழித்து நிதி இலாகாவின் இளம் அதிகாரிகள் இந்தப் பதிலைப் பார்த்தபோது, 354 என்றால் என்ன என்று கேட்டார்கள். டிசம்பரில் பிரதி வந்தது. அதில் 482 பற்றிய குறிப்பு இல்லை. அந்த எண் இல்லாமல் படித்தால் 354ஆம் தந்தி தபால் ஒழுங்கு பற்றிய சாதுவான ஒரு அலுவலகச் சுற்றறிக்கை. எண்ணோடு படித்தால், கொலைச் செய்தி வரும் வழியை அடைத்த உத்தரவு. ஜோஸையா டுபாய்ஸ் என்ற வழக்கறிஞர் வெளிவிவகார இலாகாவிலிருந்த ஒரு நண்பர் மூலம் இரண்டு தந்திகளையும் முழுசாகப் பார்த்ததால்தான் விஷயம் வெளிவந்தது. பொருளில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், பார்வையை மட்டும் எடுத்துவிட்டு ஒரு தாளை வேறு தாளாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டுபாய்ஸ் தன் அறிக்கைக்கு 1944 ஜனவரி 13 தேதியிட்டு வைத்த தலைப்பு, 'யூதர்களின் கொலைக்கு இந்த அரசாங்கம் தந்த மௌன சம்மதம் குறித்து மந்திரிக்கு அறிக்கை'. நிதிமந்திரி மார்கெந்தாவ் அதைத் திருத்தி, 'ஜனாதிபதிக்குத் தனிப்பட்ட அறிக்கை' என்று தலைப்பு மாற்றி, 16ஆம் தேதி ரூஸ்வெல்ட்டிடம் கொண்டுபோனார். 22ஆம் தேதி யுத்த அகதிகள் வாரியம் பிறந்தது. அந்த வருஷம் ஜூலையில் ராவுல் வாலன்பெர்க் புடாபெஸ்ட் போனதில் அந்த வாரியத்தின் கை உண்டு.

இந்த இடத்தில் என் வாதம் எளிதாக நகர மறுக்கிறது. இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் டுபாய்ஸின் தலைப்புதான் உயர்ந்தது. கொலை என்ற சொல்லும் 'இந்த அரசாங்கம்' என்ற எழுவாயும் அதில் இருக்கின்றன. மார்கெந்தாவின் தலைப்பு இரண்டையும் எடுத்துவிட்டது. காரியம் நடந்தது அந்தத் தலைப்பால். அப்படியானால் மழுப்பும் நடைதான் உயிரைக் காக்கிறதா? எனக்குத் தோன்றுவது இது: மார்கெந்தாவ் தணித்தது தலைப்பையும் சில இடங்களின் கடுமையையும்தான். குற்றச்சாட்டின் முதுகெலும்பு அப்படியே நின்றது. வாசல் காவலைத் தாண்ட ஒரு சாதுவான முகம், உள்ளே போனதும் பேச முழு உண்மை. ஒரு நல்ல சிறுகதையின் முதல் வரியும் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. 354ஆம் தந்தியின் பிரதியில் நடந்தது இதற்கு நேர் எதிர். முகத்தைத் தொடாமல் முதுகெலும்பை எடுத்துவிட்டார்கள். இரண்டையும் 'அலுவலக மொழி' என்ற ஒரே கூடையில் போடுகிறவன் எதையும் படித்தவனாக மாட்டான்.

ரூஸ்வெல்ட்டின் சொந்தக் கை இந்த விஷயத்தில் எப்படி இருந்தது என்பதற்கு இன்னொரு தாள் இருக்கிறது. 20,000 ஜெர்மன் அகதிக் குழந்தைகளை ஒதுக்கீட்டுக்கு வெளியே இரண்டு வருஷங்களில் அனுமதிக்கும் வாக்னர்-ராஜர்ஸ் மசோதா 1939இல் காங்கிரஸின் முன் இருந்தது. அதில் ஜனாதிபதியின் கருத்து என்ன என்று ஒரு பெண் உறுப்பினர் கேட்டதை, உதவியாளர் வாட்ஸன் ஜூன் 2இல் ஒரு குறிப்பாக அனுப்பினார். ரூஸ்வெல்ட் அதன்மேல் கையால் எழுதினார்: கோப்பில் வை, நடவடிக்கை இல்லை, எஃப்.டி.ஆர். மசோதா செத்தது. காங்கிரஸும் பொதுஜன அபிப்பிராயமும் அன்று எப்படி இருந்தன என்பதைச் சொல்லி இந்த வரிக்கு நியாயம் கற்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் விஷயமும் இருக்கிறது. ஆனால் வரியைப் படியுங்கள். மறுக்கிறேன் என்று அது சொல்லவில்லை. கேள்வியே வராத மாதிரி தாளுக்கு ஒரு இடம் காட்டுகிறது, அவ்வளவுதான்.

5

இந்தக் கோப்புகளில் நம் தேசமும் வருகிறது. 1942 மார்ச்சில் ரூஸ்வெல்ட் சர்ச்சிலுக்கு எழுதிய நீண்ட செய்தியில் இந்தியாவுக்கு ஒரு தற்காலிக அரசாங்கம் யோசனை சொல்கிறார். மாதிரி, 1783 முதல் 1789 வரை அமெரிக்க மாநிலங்கள் தட்டுத்தடுமாறி ஒரு அரசியல் சட்டத்துக்கு வந்து சேர்ந்த அனுபவம். தன் ஊர் அச்சில் இன்னொரு ஊரை வார்க்கும் இந்த உவமை பலவீனமானது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உவமையை முடித்த கையோடு, தயவுசெய்து என்னை இதில் இழுத்துவிடாதீர்கள், கறாராகப் பார்த்தால் இது என் விவகாரமில்லை என்கிற தொனியில் பின்வாங்குகிறார். சொல்லவும் வேண்டும், சொன்னதாகவும் இருக்கக்கூடாது. கிரிப்ஸ் தூது முறிந்த ஏப்ரலில் இன்னொரு தடவை அழுத்தியபோது சர்ச்சில், வேண்டுமானால் தான் பதவியை விட்டுப் போகத் தயார் என்று ஹாப்கின்ஸிடம் பேசும் அளவுக்குச் சூடானார். அதோடு அந்த அழுத்தம் தளர்ந்தது.

1943இல் அவருடைய சொந்தப் பிரதிநிதியாக டில்லியில் இருந்தவர் வில்லியம் பிலிப்ஸ். காந்தியைச் சந்திக்க வைஸ்ராய் அனுமதிக்கவில்லை. மே 14 தேதியிட்ட அவருடைய கடிதம் இந்தப் பெட்டிகளிலேயே அபூர்வமான உரைநடை. வாக்கியங்களுக்கு எழுவாய் இருக்கிறது. இந்தியப் படை கூலிப்படை மனோபாவத்தில் இருக்கிறது, ஜனங்களுக்கு இந்த யுத்தத்தில் ஒட்டுதல் இல்லை, பிரிட்டன் சுதந்திரத்துக்குத் தேதி சொல்ல வேண்டும் என்றெல்லாம் நேராக எழுதுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு பத்திரிகைக்காரர் ட்ரூ பியர்ஸன் அதை வெளியிட்டபோது ரகளை கிளம்பியது. பிலிப்ஸ் இந்தியாவுக்குத் திரும்பவில்லை. எழுவாய் உள்ள வாக்கியம் கோப்புக்குள் இருக்கும்வரை யாரையும் தொந்தரவு செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

வங்காளப் பஞ்சத்தில் செத்தவர்கள் 15 லட்சம் என்று 1945இல் விசாரணைக் கமிஷன் சொன்னது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம்வரை சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கோதுமை கொண்டுவரக் கப்பல் தர முடியுமா என்று சர்ச்சில் 1944 ஏப்ரல் 29இல் கேட்டார். ஜூன் 1இல் ரூஸ்வெல்ட் பதில் அனுப்பினார். அனுதாபம் அவருடைய பெயரில் இருக்கிறது. வருத்தமும் அவருடைய பெயரில் இருக்கிறது. நடுவில் உள்ள மறுப்பு மட்டும் படைத்தலைவர்களுடையது, ராணுவக் காரணங்களினுடையது. ஐந்து நாளில் நார்மண்டிப் படையிறக்கம். கப்பல் நெருக்கடி பொய்யல்ல. காரணம் நிஜமாக இருந்தும் 'நான் மறுக்கிறேன்' என்று எழுத முடியாமல் போனதுதான் என் கவனத்துக்குரியது. பொய் சொல்ல மட்டும்தான் இந்த நடை வேண்டியிருக்கிறது என்று நினைக்கக்கூடாது. உண்மையைச் சொல்லும்போதும் தன்னை வெளியே நிறுத்திக்கொள்ள அது கைவந்த பழக்கமாகிவிடுகிறது.

6

பழக்கமாகிவிட்ட நடை கடைசியில் அதன் சொந்தக்காரர்களையே ஏமாற்றும். 1944 செப்டம்பரில் கியூபெக்கில், ஜெர்மனியை விவசாய நாடாக்கிவிடும் திட்டத்தின்மேல் ரூஸ்வெல்ட் தன் சுருக்கொப்பத்தை இட்டார். மூன்று வாரம் போவதற்குள் யுத்த மந்திரி ஸ்டிம்ஸன் அந்த வாசகத்தைப் படித்துக் காட்டியபோது, இதில் எப்படி ஒப்பமிட்டேன் என்று தனக்கே தெரியவில்லை என்று திகைத்தார். அதே மாதம் ஹைட் பார்க்கில் அவரும் சர்ச்சிலும் அணுகுண்டு பற்றி ஒரு ரகசியக் குறிப்பில் ஒப்பமிட்டார்கள். குண்டுத் திட்டத்துக்கு பிரிட்டிஷார் சூட்டியிருந்த சங்கேதப் பெயர் குழாய் உலோகக்கலவை என்று பொருள்படும். அமெரிக்கப் பிரதியைக் கையில் வாங்கிய யாரோ, கப்பல் கொதிகலன் குழாய் விவகாரம் என்று நினைத்துக் கடற்படை உதவியாளரின் தாள்களில் சேர்த்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. ரூஸ்வெல்ட்டுக்குப் பின்னால் முடிவெடுக்க வேண்டியவர்கள் தங்கள் நாடு எதற்கு உடன்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள பிரிட்டிஷாரிடம் பிரதி கேட்க வேண்டிவந்தது.

நம் சூழலுக்கு இதிலிருந்து என்ன? உண்மைக் கடிதங்களையும் அரசாணைகளையும் நாவலில் அப்படியே ஒட்டிவிட்டால் யதார்த்தம் கூடிவிடும் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டப்படும் தாளோடு அதன் நடையும் உள்ளே வருகிறது, அந்த நடைக்கு ஒரு பார்வை இருக்கிறது, அதை நாவலாசிரியன் எதிர்கொள்ளாவிட்டால் அரசாணை எழுதிய குமாஸ்தாதான் நாவலின் ஆசிரியன் ஆவான். இன்னொரு பக்கம், அலங்காரமில்லாத எளிய மொழியே நேர்மையான மொழி என்று ஒரு சித்தாந்தம் நம் புதுக்கவிதையில் பரவியிருக்கிறது. நான் பார்த்த கோப்புகளில் 9066ஆம் உத்தரவில் ஒரு உவமை கிடையாது. 354ஆம் தந்தியில் ஒரு மிகைச்சொல் கிடையாது. எளிமையில் அவற்றை மிஞ்சிய புதுக்கவிதையை நான் பார்த்ததில்லை. எளிமையை வைத்து நேர்மையை அளக்க முடியாது. வினைக்கு எழுவாய் இருக்கிறதா, இல்லாவிட்டால் அதை எடுத்தது யார், எதற்காக என்று கேட்டுத்தான் அளக்க முடியும். கவிதைக்கும் இதே அளவுகோல்தான்.

அலசல் விமர்சனம் கல்லூரி வாத்தியார்களின் பொழுதுபோக்கு, ஜனங்களின் வாழ்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அடிக்கடி கேட்கிறோம். 1943 டிசம்பரில் வாஷிங்டனில் ஒரு வழக்கறிஞர் செய்தது அலசல் விமர்சனத்தைத் தவிர வேறில்லை. கையில் தரப்பட்ட பிரதியை நம்பாமல் மூலப்பாடத்தைத் தேடிப்போனார், இரண்டையும் பக்கத்தில் வைத்தார், எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்தார். விடுபட்டது ஒரு எண். அந்தப் பிரதியை மட்டும் படித்துவிட்டு, நடை தெளிவாகவும் எளிமையாகவும் இருக்கிறது என்று மதிப்புரை எழுதக்கூடியவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள்.